மணியில் கூடிய செம்பு

முன்னொரு காலத்தில் நெடுங்கரைச் சீமையை வளவராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், போரில் ஜெயித்துவிட்டால் மட்டும் தலைகால் புரியாது.

ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரைக்கும் கேட்கும்படி அடிக்க ஒரு பெரிய மணி வார்த்தார்கள். மந்திரி இளங்கண்ணர் தேடிப் பிடித்த வெண்கல வேலைக்காரன், கன்னான் அம்பலத்தாடிதான் வார்த்தவன். செம்பு முந்நூற்றிருபது வீசை, வெள்ளீயம் எண்பது வீசை. நூற்றுக்கு இருபது ஈயம் இருந்தால்தான் மணியோசை தூரம் போகும். ஆனால் அடித்துப் பார்த்தால் இக்கரையிலேயே பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

மந்திரி பதவிமேல் சபையிலிருந்த சிங்கராயருக்கு வெகுநாளாக ஒரு கண். மணியின் விளிம்பில் ஒரு துண்டை வெட்டிச் சோதித்துச் சபைக்கு ஓடிவந்தார்.

“மகாராஜா, ஈயம் நூற்றுக்குப் பதினாறுதான்! மிச்சத்தைத் திருடிவிட்டான். மந்திரி கொண்டுவந்த ஆளல்லவா!”

“கையை வெட்டுங்கள்” என்றான் ராஜா.

கைகளைக் கட்டியபோதும் அம்பலத்தாடி வாய் திறக்கவில்லை. சபையும் திறக்கவில்லை. அந்தச் சபையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

வார்ப்பு நாளன்று வெளியூர் போயிருந்த மந்திரி எழுந்தார். “முதலில் மணியை நிறுத்துப் பார்ப்போம். திருடியிருந்தால் எடை நானூறைத் தாண்டாது.”

“தாண்டினால்?” என்றான் ராஜா.

“ஈயம் குறையவில்லை, செம்பு கூடியிருக்கிறது. எவ்வளவென்று தெரியாததால் அதை ஒரு மூடிய குடமென்று வையுங்கள். நானூறும் குடமும் சேர்ந்ததுதான் மணி. அதில் நூற்றுக்குப் பதினாறு ஈயம். அந்த ஈயமோ எண்பது வீசை. பதினாறு ஐந்து மடங்கானால் எண்பது. நூறு ஐந்து மடங்கானால்?”

“ஐந்நூறு.”

“அப்படியானால் குடத்தில் நூறு வீசை செம்பு.”

நிறுத்தார்கள். சரியாக ஐந்நூறு.

“அவனே போட்டிருப்பான்!” என்றார் சிங்கராயர்.

“நூறு வீசை செம்பைப் போட்டுத் தன் மணியைத் தானே கெடுப்பானா, ராயரே?”

ராஜாவின் முகம் வெளுத்தது. “பகைவனிடம் பறித்த செப்புக் கொப்பரை நூறு வீசை. வெற்றிக்கு அடையாளமாக உலையில் போட்டது நான். ராயரே, பலமாகக் கைதட்டியது நீர்.”

அன்று அதைப் பார்த்திருந்த சபையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. மணியை மறுபடி உருக்கச் சிங்கராயரே துருத்தி ஊத வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்ட ராஜா, இறங்கிவந்து அம்பலத்தாடியின் கட்டைத் தானே அவிழ்த்தான்.

“என்ன வேண்டும், கேள்.”

“இன்னும் இருபத்தைந்து வீசை ஈயம், மகாராஜா. நூற்றுக்கு இருபது ஆகிவிடும்.”

“தருகிறேன். இனி நான் உலையில் எதையாவது போட வந்தால் என் கையைப் பிடித்து நிறுத்து.”

“அன்றைக்கும் பிடித்தேன், மகாராஜா” என்றான் அம்பலத்தாடி. “உதறிவிட்டீர்கள்.”