துரை ஏறிய மரம்

ஆலமடை ஜமீன் போய் எழுபது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் விஜயரெங்க துரை அரண்மனை வாசலில் இறங்கினால் ஊர் இன்னும் எழுந்து நிற்கும். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் அவர் தோப்புக் காயெல்லாம் மரத்திலேயே காய்ந்து உதிர்ந்த வருடம்தான் துரைக்கு ஒரு யோசனை வந்தது. போனில் பதிவு செய்தால் மரம் ஏற ஆள் வீடு தேடி வரும். அந்த இணையதளத்துக்கு 'குலை டாட் காம்' என்று பெயர் வைத்தார். தர்பார் மண்டபத்தில் கம்ப்யூட்டர்கள் வந்தன. நாற்பது மரமேறிகள் பெயர் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகியும் ஒருவரும் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேரளாவுக்குக் கிளம்புவதாக அவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

விளம்பரப் படம் எடுக்கும் வேலை, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த வடிவாம்பாளிடம் வந்தது. மேலாளர் பூவராகனுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய மைத்துனர் சென்னையில் விளம்பரக் கம்பெனி வைத்திருந்தார். எப்படியும் வடிவு தோற்கட்டும் என்று துரையின் காதில் ஏதோ ஓதிவிட்டு வந்தார். மறுநாள் துரை மூன்று நிபந்தனை போட்டார்.

"படத்தில் நான்தான் உச்சியில் இருக்கணும், எனக்கு மேலே யாரும் இருக்கக் கூடாது. வேறு யார் முகமும் தெரியக் கூடாது. ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. முடியாவிட்டால் படம் சென்னைக்குப் போகும், நீ வீட்டுக்குப் போகலாம்."

வடிவு தலையாட்டினாள். மறுநாள் காலையில் மரமேறும் இயந்திரத்தோடு தோப்பில் நின்றாள்.

"உச்சி என்றால் மரத்து உச்சிதானே, துரை? ஏறுங்க."

துரை மரத்தை அண்ணாந்து பார்த்தார். துரைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று பூவராகன் பக்கத்திலிருந்து உசுப்பேற்றினார். அதற்குமேல் மறுக்க முடியுமா? வடிவு பாதுகாப்புக் கச்சையை இரண்டு முறை இழுத்துப் பார்த்து மாட்டினாள். துரை பதினைந்து அடி ஏறினார். கீழே பார்த்தார். அதோடு சரி, கால் நகரவில்லை.

பூவராகன் ஏணி தேட ஓடினார். வடிவு போனில் படம் பிடித்தபடியே, நம் தளத்தில் ஆள் கூப்பிடலாமே என்றாள். துரை ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறு கையால் போனைத் தட்டினார். தளம் அவருடைய நட்சத்திரம் கேட்டது. தாத்தா பெயர் கேட்டது. தோப்பின் சிறப்பைப் பத்து வரியில் எழுதச் சொன்னது. அந்த இருபத்து மூன்று கேள்விகளையும் வைக்கச் சொன்னவர் துரையேதான்.

"எந்த மடையன் இத்தனை கேள்வி வைத்தான்?" என்று மேலிருந்து குரல் வந்தது. வடிவு போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

பதிவு முடிந்த பன்னிரண்டாவது நிமிடம் அந்த நாற்பது மரமேறிகளில் ஒருவனான சுடலைமணி சைக்கிளில் வந்து, வெறுங்கையோடு ஏறி, துரையைப் பூப்போல இறக்கிவிட்டான். படத்தில் அவன் முதுகு மட்டுமே தெரிந்தது.

துரையை அவமானப்படுத்திய படம் இது, உடனே அழிக்க வேண்டும் என்று பூவராகன் கொதித்தார். துரை அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். அவருக்கு மேலே யாரும் இல்லை, வேறு முகமும் இல்லை, பொய்யும் இல்லை; தம் மூன்று நிபந்தனையில் ஒன்றும் மீறப்படவில்லை என்று தெரிந்தபோது முகம் கோணியது. பேசினால் பேச்சு மாறியவர் ஆகிவிடுவார். வெளியிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஊரெல்லாம் சிரித்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் வீட்டில் தென்னை இருந்தது. மூன்று நாளில் நாற்பது மரமேறிகளுக்கும் வேலை வந்தது. ஒருவனும் கேரளா போகவில்லை. கேள்விகள் இரண்டாகக் குறைந்தன: இடம் எங்கே, மரம் எத்தனை.

துரைக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வடிவைக் கூப்பிட்டார்.

"நான் பாட்டுக்கு உச்சி வரைக்கும் ஏறி, தானாக இறங்கியிருந்தால் என்ன செய்திருப்பே?"

"அதுக்கு வாய்ப்பே இல்லை, துரை. தானே ஏறி இறங்கத் தெரிந்தவர் இப்படி ஒரு கம்பெனியை எதுக்கு ஆரம்பிக்கப் போறார்?"

துரை சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. விளம்பரப் பொறுப்பு முழுவதும் அன்றே வடிவு கைக்கு வந்தது. இரண்டாவது படத்துக்கு யார் ஏறுவது என்று அவள் கேட்டபோது, துரை பூவராகனைப் பார்த்தார்.