யாருக்கும் தெரியாத கொலைகாரன்

சாலிகிராமத்தில், மூளையைத் தவிர மற்ற எல்லா வசதியும் உள்ள ஒரு சீரியல் கம்பெனி இருந்தது. டைரக்டர் தணிகாசலம், வசனம் எழுதும் வைரக்கண்ணு, உதவி டைரக்டர் சிங்காரவேல் மூவரும் அதன் தூண்கள். இவர்கள் எடுத்த சீரியல் எதுவும் பாதியைத் தாண்டியதில்லை.

அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ஒரு சேனல், அந்தக் காலத்தில் ஊரே நடுங்கிப் படித்த ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்தது. பாயசத்தில் யாரோ விஷம் வைத்து ஜமீன்தாரைக் கொன்றுவிடுகிற கதை. படித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு மறதி. ஆகவே ரகசியம் பத்திரமாகத்தான் இருந்தது.

சேனல் மேலாளர் மங்களேஸ்வரி கறாராகச் சொன்னார்: “விஷம் வச்சது யாருன்னு கடைசி எபிசோட் வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா சீரியல் காலி. அப்புறம் எந்தச் சேனல்லயும் உங்களுக்கு வேலை கிடைக்காது.”

மூவரும் கலங்கிப்போய்க் கூடிப் பேசினார்கள்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னா, நமக்குமா சார்?” என்றார் வைரக்கண்ணு.

“பின்னே? நாம என்ன ஈ காக்காயை விட ஒசத்தியா?” என்றார் தணிகாசலம்.

நியாயமான பேச்சு. நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே கிழித்து, தகர டப்பாவில் போட்டுப் பூட்டினார்கள். சாவி சிங்காரவேலின் அரைஞாணில் தொங்கியது.

விஷம் கலக்கும் காட்சி வந்தது. கை தெரிந்தால் ஆள் தெரிந்துவிடுமே என்று கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். அரை மணி நேரம் திரையில் ஒரே இருட்டு. ஜனங்கள் டி.வி.யின் தலையில் தட்டிப் பார்த்துவிட்டு, கேபிள்காரரைத் திட்டினார்கள்.

“நான்தான் கொலைகாரனா சார்?” என்று நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

“தெரியாது. எதுக்கும் முழிச்சு வைங்க” என்றார் டைரக்டர்.

எல்லாரும் முழித்தார்கள். துப்பறிபவர் தப்பித் தவறி எதையாவது கண்டுபிடித்துவிடப் போகிறாரே என்று, அவருக்குப் பூதக்கண்ணாடிக்குப் பதிலாகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். நாவல் கெடுத்த தூக்கத்தை சீரியல் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

ஒருவழியாகக் கடைசி எபிசோட் எடுக்கிற நாளும் வந்தது. மத்தியானம் யூனிட்டுக்கே வடை பாயசத்தோடு விருந்து. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, டப்பாவைப் பயபக்தியோடு திறந்தார்கள்.

வைரக்கண்ணு படித்தார்: “ஜமீன்தாருக்கு விஷம் வைத்தது வேறு யாருமில்லை, சமையல்காரன்தான்!”

“நம்ம சீரியல்ல சமையல்காரனே கிடையாதேய்யா?”

“செலவு மிச்சம்னு நீங்கதானே சார் முதல் வாரமே தூக்கச் சொன்னீங்க.”

சிங்காரவேலுக்கு வியர்த்தது. “சார்... நம்ம யூனிட்லயே ஒரு சமையல்காரர் இருக்காரே.”

அந்த நேரம் பார்த்து, யூனிட்டுக்குச் சமைக்கும் ஆதிமூலம் வாளியும் கரண்டியுமாக வந்து நின்றார். “இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுமா சார்?” என்று சிரித்தார்.

“ஐயோ, நான் மூணு டம்ளர் குடிச்சிட்டேனே!” என்று அலறினார் வைரக்கண்ணு.

“சிரிக்கிறான் பாருய்யா, பாவி! இத்தனை நாளா இவன் கையாலதானே தின்னுக்கிட்டிருந்தோம்!” என்று தணிகாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மூவரும் ஒரே ஆட்டோவில் விழுந்தடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

“விஷம் வச்சது யாரு? சொன்னாத்தானே என்ன விஷம்னு அவங்களைக் கேட்டு உடனே மருந்து கொடுக்க முடியும்” என்றார் டாக்டர்.

சொல்லப் போன வைரக்கண்ணுவின் வாயை டைரக்டர் பாய்ந்து பொத்தினார்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு டி.வி.யில சொல்லுவோம். பார்த்துட்டு வந்து வைத்தியம் பண்ணுங்க.”