கோகிலா சொன்ன விடை

ரெஜினா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாளியில் வெந்நீர் ஊற்றிக் கல்லுப்பைப் போட்டுக் காலை அதில் வைத்து உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசத் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வைத்தியலிங்கம் சார் வந்து சேர்ந்தார்.

சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது இருக்கும். இருந்தாலும் ஒரு விளையாட்டில் டீச்சர்தான் குரு, சார்தான் சீடர்.

திருச்சியில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரக்காரி. என்ன செய்கிறோம் என்று வாயால் சொன்னால், அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். பல வருஷம் அந்த மேஜையை நடத்தியவர் டீச்சர். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போனதும் அதைச் சாரிடம் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைத்த பிறகும் தொந்தரவு தீரவில்லை என்பது வேறு விஷயம்.

"கோகிலா தன் பகடையை எடுத்துட்டுப் போயிட்டாங்க டீச்சர்" என்றார் சார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாருடைய பகடைகளும் மேஜைமேல் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில்தான் கிடக்கும். தன்னுடையதை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் இனி வரமாட்டார் என்று அர்த்தம். இதுவரை ஊரை விட்டுப் போனவர்கள்தான் அப்படி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"என்ன ஆச்சு?"

"கதையில ஒரு கதவு வச்சேன். விடுகதைக்கு விடை சொன்னாத்தான் திறக்கும். யாராலயும் முடியலை. சாயங்காலம் முழுக்க அந்தக் கதவு முன்னாடியே நின்னாங்க."

"விடுகதையைச் சொல்லுங்க."

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். இவ்வளவு நடந்த பிறகும் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நான் வந்தால் விளக்கை அணைப்பார்கள். நான் போனால் விளக்கை ஏற்றுவார்கள். நான் யார்? விடை, பகல்."

"கோகிலா என்ன சொன்னா?"

"தூக்கம்னாங்க. நான் சொல்லி முடிச்ச உடனே, முதல் ஆளா."

"நீங்க?"

"இல்லைன்னேன்."

கோகிலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ராத்திரி டூட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தனக்கென்று இருக்கிற பொழுது என்று, கண் எரிச்சலோடு நேராக மேஜைக்கு வந்துவிடுகிறவள்.

"அப்புறம்?"

"விளக்குன்னா நிஜ விளக்கா இருக்காதுன்னு எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டாங்க. மரணம்னாங்க, புயல்னாங்க. கடைசியில கோடாலியால வெட்டினாங்க. மந்திரக் கதவு, வெட்டுப்படாதுன்னேன்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நியாயமான புதிர்தான் டீச்சர். ரொம்பச் சுலபம், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும். வர்ற ஞாயிறும் கோகிலா வரலைன்னா மத்தவங்களும் நின்னுடுவாங்க, மேஜையே கலைஞ்சுடும். நியாயமா ஒரு புதிர் போடறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க."

டீச்சர் வாளியிலிருந்து காலை எடுத்தார். காலைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. என்ன குடிக்கிறீங்க சார்?"

"காபி கொடுங்க."

"இல்லை."

பால் தீர்ந்திருக்கும் என்று நினைத்தார் சார்.

"பால் இல்லாமக் கட்டன் டீ?"

"இல்லை."

"தண்ணி போதும் டீச்சர்."

"இல்லை."

தண்ணீர்க் குடம் டீச்சரின் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. சார் அதைப் பார்த்தார். டீச்சரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு..."

"இல்லை."

கோபமாகவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர் தப்புப் போடுவதுபோல் சொன்னார்.

"நல்லா யோசிங்க சார். ரொம்பச் சுலபம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும்."

சாருக்கு நாக்கு வறண்டது. தாகத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுவுமே வேண்டாம் டீச்சர். வர்றேன்."

"விடை, மோர்" என்றார் டீச்சர்.

"எனக்கு மோர் பிடிக்காதே."

"எனக்குப் பிடிக்கும்."

சார் வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்று கையிலிருந்த குடையைப் பார்த்தார். கோகிலா பகடையை எடுத்துக்கொண்டு போனதும் இப்படித்தான். பிறகு திரும்பி வந்து, அதைப் பழைய இடத்திலேயே சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சார் மூச்சுவிடாமல் குடித்தார்.

"அந்தக் கதவு எங்கே இருக்கு?"

"மலைக்கு அடியில. சூரியனே எட்டிப் பார்க்காத குகை."

"எவ்வளவு நாளா உள்ளே இருக்காங்க?"

"கதைப்படி ஒரு மாசமா."

"படுக்கும்போது என்ன பண்ணுவாங்க?"

"எண்ணெய் மிச்சமாகட்டும்னு விளக்கை அணைச்சிட்டு..."

சார் அதோடு நிறுத்திக்கொண்டார். செம்பைத் தரையில் வைத்தார்.

"அங்கே பகலே கிடையாது" என்றார். "தூக்கம்தான் நல்லாப் பொருந்துது."

"ம்."

"அப்பத் தெரியலை டீச்சர்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார்.

"தெரிஞ்சுது" என்றார் சார், குரலைத் தாழ்த்தி. "அவங்க சொன்ன அந்த நொடியில தெரிஞ்சுது. ஒரு வாரம் உட்கார்ந்து யோசிச்சது. கேட்ட உடனே திறந்துட்டா என்ன ஆகறதுன்னு இருந்துச்சு."

தெருவில் உப்பு விற்கிறவர் கத்திக்கொண்டு போனார். அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது.

"இன்னிக்கே போன் பண்ணிடறேன். என் விடை பகல், ஆனா உங்க விடையும் சரின்னு சொல்லிடறேன்."

"விடையைப் பத்திப் பேசாதீங்க."

"பின்னே என்ன சொல்ல?"

"கதவு திறந்துடுச்சுன்னு சொல்லுங்க."

"எப்பத் திறந்துச்சுன்னு கேட்டா?"

டீச்சர் மறுபடி வாளியில் காலை வைத்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. சுடவைக்க எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தூக்கம்னு சொன்னப்பவே திறந்துடுச்சு, நான்தான் மறைச்சுக்கிட்டு நின்னுட்டேன்னு சொல்லுங்க."