டிப்பருக்கு என்ன லோடு?

மலையடிவாரத்து மடத்தில் இருக்கும் அம்மாவுக்கு வயது முப்பத்திரண்டுதான். இந்தச் சின்ன வயசில் இவளுக்கு என்ன ஞானம் வந்து கொட்டிவிட்டது என்று ஊரில் வாய் கிழியப் பேசுவார்கள். வீட்டில் ஒன்று என்றால் அவர்கள்தான் முதலில் அவளிடம் ஓடிவந்து நிற்பார்கள். பொக்லைன் ஓட்டும் தங்கதுரை அப்படிப் பேசியவர் இல்லை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்து அவள் எதிரில் உட்காரும் சீடர்.

மகன் நிலவன் ஐந்து நாள் காய்ச்சலில் போன பிறகு அவர் வரவில்லை. வேலைக்கும் போகவில்லை. ரெண்டு மாசம் கழித்து ஒரு காலையில் கையில் பையோடு வந்தார்.

பையிலிருந்து ஒரு பொம்மை டிப்பர் லாரியையும் ஒரு பொம்மை பொக்லைனையும் எடுத்து வைத்தார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளைச் சொருகி அப்பனும் பிள்ளையும் சேர்ந்து செய்தவை. கூடவே நாலு டப்பா. கடுகு, ஜவ்வரிசி, துவரம்பருப்பு, பாசிமணி.

"இதுக்கு எந்த லோடு சரியா வரும்னு தெரியலம்மா. தினமும் ஏத்திப் பாக்குறேன். எதுவும் சரிப்படல."

பாவம், அந்த மனுஷனுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

"ஏத்துங்க அண்ணே, பாப்போம்."

கைப்பிடியைச் சுற்றினால் பொக்லைனின் கை எழும்பும். கடுகு பக்கெட்டின் இடுக்கு வழியாக ஒழுகிவிட்டது. நமத்துப்போன ஜவ்வரிசி டிப்பருக்குள் மாவாய் ஒட்டிக்கொண்டு, சாய்த்தாலும் முழுசாக விழவில்லை. பருப்பு பக்கெட்டில் நாலைந்துதான் நின்றது. பாசிமணி தரையெல்லாம் உருண்டது. அம்மாவும் அவரோடு குனிந்து பொறுக்கினாள்.

"நிலவன் எதைக் கேட்டான்?"

அவர் மணியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே."

"மண்ணு கேட்டாம்மா. நெசமான லாரி மண்ணுதானப்பா ஏத்தும்னு கேட்டான்."

"குடுத்தீங்களா?"

"இல்ல. பல்சக்கரத்துல மண்ணு போனா மிஷினு காலிம்மா. இருபது வருஷமா தினம் துடைச்சு கிரீஸ் போடுறவன் நான். அதே புத்திதான் பொம்மைக்கிட்டயும். கேட்டு அழுதான். ஒரு அதட்டு போட்டேன், பாவி."

அம்மா கையிலிருந்த மணிகளை டப்பாவில் போட்டாள்.

"அடக்கம் பண்ணின அன்னிக்கு ஒரு பிடி மண் போட்டீங்களா?"

"முடியலம்மா. எல்லாரும் போட்டாங்க. அவன் மேல நான் எப்படிப் போடுவேன்? கையை மூடிக்கிட்டே திரும்பி வந்துட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல."

அம்மா எழுந்தாள். டிப்பரையும் பொக்லைனையும் பையில் வைத்தாள். டப்பாக்களை அப்படியே விட்டுவிட்டாள்.

"வாங்க."

இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். போன வாரத்து மழையில் நிலவனைப் புதைத்த இடத்தில் மண் உள்வாங்கி, தலைமாட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. காவல்காரர் ஓடிவந்து மண்வெட்டியை நீட்டினார். வேண்டாம் என்று அம்மா தலையசைத்தாள். பொம்மைகளை எடுத்துப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"ஏத்துங்க."

தங்கதுரை பின்வாங்கினார். "ஐயோ, கெட்டுப்போயிடும்மா. அவன் கையால செஞ்சதுல இது ஒண்ணுதான் ஒரு கீறல் இல்லாம இருக்கு."

"யாருக்காகப் பத்திரப்படுத்துறீங்க?"

அப்போதுதான் அவர் அழுதார். ரெண்டு மாசமாக அழாத அழுகை. அம்மா தேற்றவும் இல்லை, தோளைத் தொடவும் இல்லை. வெயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். பக்கெட் சிறு சிறு கட்டியாய் இருந்த மண்ணை அள்ளி டிப்பரில் போட்டது. டிப்பரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டினார். ஒரு துளிகூட ஒழுகவில்லை, ஒட்டவில்லை. திரும்பி வந்து மறுபடி ஏற்றினார். நாலாவது நடையில் பல்சக்கரம் கரகரவென்றது. கைப்பிடி அசையவில்லை.

தங்கதுரை நிமிர்ந்து பார்த்தார். பள்ளம் பாதிகூட நிரம்பவில்லை.

"நின்னுபோச்சும்மா. இனி எப்படி?"

"கையால அள்ளிப் போடுங்க அண்ணே. அவனா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பான்."