முத்துராக்கு வீட்டுத் தண்ணீர்

"மேடம், என்னை வேற ஊருக்கு மாத்திடுங்க," என்றாள் ஜெபசீலி.

பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறவள். படிப்பின் கடைசியில் களப்பயிற்சி என்று ஒன்று உண்டு. அதற்காக இந்த வறண்ட ஊருக்கு வந்திருந்தாள். ஊரில் டெங்குக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது.

பயிற்சிக்குப் பொறுப்பு டாக்டர் செண்பகவல்லி. அவர் பேசினால் மாணவர்கள் பயப்படுவார்கள். பேசாவிட்டால் இன்னும் பயப்படுவார்கள்.

"ஏன்?"

"தெற்குத் தெருவுல ஒரு வீட்டுலயும் கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க. உள்ள யாரோ முனகுறது கேக்குது. தட்டினா சத்தம் நின்னுடுது."

"காலையில நானும் தட்டினேன். எனக்கும் திறக்கலை."

"போலீஸைக் கூட்டிட்டுப் போகலாம், மேடம்."

"போலீஸ் வந்தா ஒரு கதவு திறக்கும். அடுத்த கதவு?"

செண்பகவல்லியே தொடர்ந்து கேட்டார்.

"போன வாரம் வரைக்கும் திறந்துதானே இருந்துச்சு. என்ன செஞ்சே?"

"தப்பா ஒண்ணும் செய்யலை. முத்துராக்கு அக்கா வீட்டு டிரம்முல கொசுப்புழு இருந்துச்சு. கவுத்துக் கொட்டிட்டேன். வகுப்புல அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க."

"கொட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட என்ன கேட்டே?"

"கேக்க என்ன மேடம் இருக்கு?"

செண்பகவல்லி அவளையே பார்த்தார். "திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்." அவள் குரல் தணிந்தது. "உக்காந்து, ஓடுற தண்ணியை ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடத்துல ஊத்தினாங்க. பாதி மண்ணு."

வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அந்த ஊருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லாரி.

செண்பகவல்லி சுகாதார நிலையத்துக்குள் போனார். இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"யாருக்கு மேடம்?"

"யார் தண்ணியைக் கொட்டினியோ அவங்களுக்கு."

"நம்ம குழாய்லயே பிடிச்சிட்டுப் போறேனே."

"லாரியில பிடி."

தெற்குத் தெருவில் வரிசை நின்றது. மனிதர்கள் நிற்கவில்லை, குடங்கள் நின்றன. குடத்துக்காரிகள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவள் குடத்தை ஓர் அடி நகர்த்தினாலும் அங்கே குடுமிப்பிடிச் சண்டைதான்.

ஜெபசீலிக்கு அது தெரியாது. நேராகப் போய் முன்னால் வைத்தாள்.

பேச்சிக்கனி என்ற பெண் எழுந்து வந்தாள். இரண்டு குடங்களையும் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதையும் கொட்டத்தான் பிடிக்கிறியா, தாயி?"

நிழல் முழுக்கச் சிரித்தது. ஜெபசீலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானமாக இருந்தது. அங்கேயே நின்றாள்.

நின்றதால்தான் பார்த்தாள். எல்லா வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். ஒருத்தியைக் காணோம்.

"முத்துராக்கு அக்கா வரலையா?"

சிரிப்பு நின்றது.

"தண்ணிக்குக்கூட வரலையே, ஏன்?"

பேச்சிக்கனி எங்கோ பார்த்தபடி சொன்னாள். "புள்ளைய விட்டுட்டு எப்புடி வரும்?"



பேச்சிக்கனி திரும்பி நடந்தாள். கடைசியில் கிடந்த இரண்டு குடங்களையும் தூக்கினாள். எல்லாக் குடங்களையும் தாண்டிப் போய் லாரிக் குழாயின் அடியில் வைத்தாள்.

ஒருத்தியும் சண்டைக்கு வரவில்லை.

முத்துராக்கு வீட்டுக் கதவை ஜெபசீலியால் தட்ட முடியவில்லை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"அக்கா, தண்ணி."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

முத்துராக்கு குடங்களைப் பார்த்தாள். ஜெபசீலியின் முகத்தைப் பார்த்தாள்.

"கொட்டியிருக்கக் கூடாது, அக்கா. உங்களைக் கேட்டிருக்கணும்."

முத்துராக்கு ஒரு குடத்தை வாங்கினாள். கதவை விட்டு நகர்ந்து வழி கொடுத்தாள்.

உள்ளே பாயில் ஒரு சிறுமி துவண்டு கிடந்தாள்.

"நேத்தோட காச்ச விட்டுருச்சு. ஆனா எந்திரிக்க மாட்டேங்குறா."

ஜெபசீலி குழந்தையின் காலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. காய்ச்சல் இறங்கி, கைகால் குளிர்ந்தால் டெங்கு உயிரையே பறிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். உடனே செண்பகவல்லிக்குப் போன் செய்தாள்.

ஆம்புலன்ஸோடு செண்பகவல்லியும் வந்தார். நாடி பார்த்தார். குழந்தையின் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்.

"பொழைச்சிக்கிருவாளா?" என்றாள் முத்துராக்கு.

"இப்பவே போனா வாய்ப்பு இருக்கு."

குழந்தையோடு வண்டியில் ஏறப்போன முத்துராக்கு நின்றாள். சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்தாள். ஜெபசீலியின் கையில் வைத்தாள்.

"லாரி போறதுக்குள்ள டிரம்ம நெறச்சிரு. மேல துணியக் கட்டி மூடிரு."

வண்டியில் ஏறும்போது செண்பகவல்லி திரும்பிப் பார்த்தார்.

"வேற ஊருக்கு மாத்தச் சொன்னியே?"

ஜெபசீலி அதற்குள் குடத்தை எடுத்திருந்தாள்.

"லாரி போயிடும், மேடம்."