திரைக்குள்ளே ஒரு சடுகுடு

பூங்கோட்டு ராஜ்ஜியத்தில் மழை பொய்த்தாலும் சடுகுடு பொய்க்காது. ஆடுகிறவர்கள் ஒன்றும் பெரிய மல்லர்கள் இல்லை. யானைக் கொட்டாரத்தில் தழை வெட்டிப் போடுகிறவர்கள் ஒரு கட்சி, குதிரை லாயத்தில் புல் அறுத்துப் போடுகிறவர்கள் ஒரு கட்சி. ஜெயிக்கிற கட்சிக்குப் பரிசு ஒரு வாழைத்தார். அவ்வளவுதான்.

ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் சத்தத்தைக் கேட்டால், எதிரி கோட்டைக்குள் புகுந்துவிட்டான் என்றுதான் நினைப்பீர்கள். அத்தனை கூச்சலும் ஒரே ஒரு மனிதர் மேல் விழும். அவர்தான் நடுவர்.

அந்த ஒரு வருஷத்தில் மூன்று நடுவர்கள் ஓடிவிட்டார்கள். ஒருவர் மகள் ஊருக்குப் போனவர் போனவர்தான். இன்னொருவர் தமக்குக் கண் மங்கிவிட்டதென்று தாமே எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல், அரண்மனைக்குப் பூக்கட்டும் மாடக்கண்ணுவைப் பிடித்து நிறுத்தினார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர், பாவம்.

முதல் ஆட்டத்திலேயே வந்தது வினை. பாடிப்போன குதிரை லாயத்து ஆளை ஏழு பேர் விழுந்து அமுக்கினார்கள். அவன் கை நடுக்கோட்டுக்கு அரை விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

"தொடவில்லை!" என்றார் மாடக்கண்ணு.

குதிரை லாயத்துக்கு அதிகாரி ராஜாவின் மைத்துனன் வீரபாகு. அவன் துள்ளிக் குதித்தான். "குருடனையா நிறுத்தினீர்கள்?" என்றான். உடனே ஊரே பிடித்துக்கொண்டது. மரத்தின் மேல் இருந்தவனும் தொட்டதைப் பார்த்தானாம். முதுகைக் காட்டி நின்று முறுக்கு வாங்கியவனும் பார்த்தானாம்.

வழக்கு ராஜா மகுடவேலரிடம் போயிற்று. ராஜாவும் உள்ளுக்குள் குதிரைக் கட்சிதான்.

"ஊரே பார்த்தது என்கிறதே. ஊர் பொய் சொல்லுமா? கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, இவனைக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுங்கள்" என்றார்.

மாடக்கண்ணு தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா, நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் என் மகளுக்குக் கல்யாணம். கழுதை ஏறினவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?"

அரசவை விகடர் நல்லபெருமாள் தொண்டையைக் கனைத்தார்.

"மகாராஜா, நாளைக்கு இன்னொரு ஆட்டம் வைப்போம். இவரே நடுவர். நாளைக்கும் இவர் சொன்னது தப்பு என்று நிரூபணம் ஆனால், நானே கழுதையின் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறேன்."

"பிழைக்கத் தெரியாத ஆளய்யா நீர்! சரி, நடத்தும்."

"ஒரு சின்ன வேண்டுகோள். இத்தனை கண் பட்டு ஆட்டக்காரர்களுக்குத் திருஷ்டி. தினம் ஒருவனுக்குக் கால் சுளுக்குகிறது. களத்தைச் சுற்றி ஒன்றரை ஆள் உயரத்துக்குத் திரை கட்டிவிடுகிறேன். நடுவர் மட்டும் பரண் மேல் நின்று, எல்லாரும் பார்க்கும்படி தீர்ப்புச் சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

திரை கட்டினால் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று ராஜாவும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. நடுவர் தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

மறுநாள் காலையில் மைதானம் நிரம்பி வழிந்தது. ராஜாவுக்கும் அங்கேயே சிங்காசனம் போட்டிருந்தார்கள். பரண் மேல் மாடக்கண்ணு நின்றார். திரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "சடுகுடு சடுகுடு சடுகுடு..."

"விடாதே! போ, போ!" என்று குதிரைக் கட்சி ஆர்ப்பரித்தது.

உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாடக்கண்ணு கையை உயர்த்தினார்.

"தொடவில்லை!"

அவ்வளவுதான்!

"அடப் பாவி! தொட்டானடா!" என்றான் வீரபாகு. "என் ரெண்டு கண்ணாலே பார்த்தேன்!"

"முழங்கை வரைக்கும் கோட்டைத் தாண்டிச்சு!" என்றான் ஒருவன்.

"எவ்வளவு வாங்கினே?" என்றான் இன்னொருவன். ஒரு செருப்பு பறந்து வந்து பரணில் பட்டது.

இத்தனை சத்தத்துக்கும் மேலே சிங்காசனத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "டேய் பூக்கட்டி! தொட்டதை நானே பார்த்தேன்! இறங்குடா கீழே!"

அந்த நேரம் பார்த்துத் திரை சரசரவென்று விழுந்தது.

களத்தில் யானைக் கட்சியும் குதிரைக் கட்சியும் கலந்து உட்கார்ந்து, பரிசு வாழைத்தாரைப் பாதி காலி செய்திருந்தன. ஒருவன் மேலிலும் ஒரு பொட்டு மண் இல்லை. பக்கத்தில் நல்லபெருமாள் ஒரு தவிட்டு மூட்டையின் மேல் சாய்ந்து, "சடுகுடு, சடுகுடு" என்று சாவகாசமாகப் பாடிக்கொண்டிருந்தார். சற்று முன் தொப்பென்று விழுந்தது அந்த மூட்டைதான்.

மாடக்கண்ணு கைகூப்பினார். "தொடவில்லை என்றேன், மகாராஜா. ஒருத்தரும் எழுந்திருக்கவே இல்லையே, எப்படித் தொடுவார்கள்?"

வீரபாகு தன் கால் கட்டைவிரலை ஆராயத் தொடங்கினான்.

ராஜா முகம் சிவக்க எழுந்துவிட்டார். "அக்கிரமம்! ஒரு அப்பாவி மனுஷனை இந்தப் பாடு படுத்துவதா? நல்லபெருமாள்! இருக்கிறதிலேயே உரக்கக் கத்தினவன் எவன்? சொல்லும், இப்போதே அவனைக் கழுதை மேல் ஏற்றுகிறேன்!"

ஆயிரம் பேரும் தரையைப் பார்த்தார்கள். சிங்காசனத்தின் பக்கம் கண்ணைத் திருப்ப யாருக்குத் தைரியம்? ராஜாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார்.

நல்லபெருமாள் எழுந்து, மேலில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. நான் திரைக்கு உள்ளே இருந்தேன். யார் கத்தினார் என்று பார்க்கவில்லை."

"நிஜமாகவே பார்க்கவில்லையா?"

"இல்லை, மகாராஜா. பார்க்காததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய நான் என்ன, ஆட்டம் பார்க்க வந்தவனா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு, தாமே பரண் மேல் ஏறினார்.