எஸ்தர் டீச்சர் உட்காரச் சொல்லவில்லை

தவிட்டுக்குளத்துக்காரர்கள் யார் சொல்லையும் தட்டாதவர்கள். அந்த ஊருக்கு இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எஸ்தர் டீச்சர் மனசு நொந்துபோய்ச் சொன்னார்: "நான் வகுப்புக்குள்ள வந்தா ஒரு பிள்ளைகூட எந்திரிக்கிறதில்ல. நீங்க செஞ்சு காட்டினாத்தானே பிள்ளைங்களுக்கு வரும்? டீச்சரைப் பார்த்தா எந்திரிக்கணும். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காரணும்."

பெற்றோர் சங்கத் தலைவர் சங்கிலிக்கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே ஊரே எந்திரிக்கும் டீச்சர்," என்றார். பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் எழுந்து நின்றார்கள். டீச்சருக்குப் பரம சந்தோஷம். பையை எடுத்துக்கொண்டு ஐந்து மணி பஸ் பிடித்து டவுனில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.

ஊர் நின்றது. நின்றபடியே சாப்பிட்டது. பிறகு தூக்கம் வந்தது.

"படுக்கலாமே. படுக்கிறது உட்காருறது ஆகாதே," என்றார் தையல்காரர் மாசானம்.

"உட்காராம எப்படிய்யா படுக்கிறது?" என்றார் தலைவர்.

"மரம் சாயிற மாதிரி அப்படியே சாய வேண்டியதுதான்."

வைக்கோலைப் பரப்பி வரிசையாகச் சாய்ந்தார்கள். காலையில் ஒருவரை ஒருவர் ஏணி போல நிமிர்த்திக்கொண்டார்கள். முதல் ஆளை நிமிர்த்த மட்டும் பக்கத்து ஊர் பால்காரர் வரவேண்டியிருந்தது.

அனுமதி கேட்டு வர மாசானத்தை அனுப்பினார்கள். காலி பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர், திரும்பி வந்ததும் ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசல்ல பார்த்ததுமே உட்காருங்கன்னு சொல்லிட்டாங்க."

"ஊரை?"

"வந்த காரியம்தான் முடிஞ்சிருச்சேன்னு கிளம்பிட்டேன். ஊரைப் பத்திப் பேச்சே வரல."

தலைவர் யோசித்தார். "அப்போ அவங்கவங்க நேர்ல போய் வாங்கிக்க வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த டீச்சர் தெருமுனையில் திகைத்துப்போனார். வீட்டு வாசலில் எழுபது பேர், ஒரு ஊரே, வீங்கிய காலோடு நின்றது. கதவைத் திறந்துகொண்டே விஷயத்தைக் கேட்டவர், "ஐயோ, உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க," என்றார்.

நடுத்தெருவில் எழுபது பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. டீச்சர் பதறிப்போய், "இங்க வேணாம். எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க," என்றார்.

"எந்த வீட்டுக்குன்னு சொல்லலையே," என்றார் மாசானம்.

"எதிர்ல ஒண்ணுதானே திறந்திருக்கு," என்றார் தலைவர்.

எழுபது பேரும் டீச்சர் வீட்டுக்குள் போனார்கள். கட்டில், அடுப்பு மேடை, மாடிப்படி என்று கிடைத்த இடத்திலெல்லாம் உட்கார்ந்தார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் டீச்சர் வெயிலில் நின்றார்.

மாசானம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாங்க. உட்காரச் சொல்லுவோமா?"

தலைவர் அவர் வாயைப் பொத்தினார்.

"டீச்சருக்கே உத்தரவு போடுறியா? மரியாதை வேணாம்?"